மட்டாஞ்சேரியில் முதல் விற்பனை

ஸாதனாவின் ஒரு புன்னகைக்கு ரெண்டு லட்சம் ரூபாய், வரி தனி. கேரளத்தில் புதுக்கடைக்கு நாடா வெட்ட நட்சத்திரம் வேண்டும். மயிலிறகு கவுனும் வெள்ளி நிறத் தலைமுடியுமாக வந்து இறங்குகிற நட்சத்திரம் அவள் ஒருத்திதான். பிறந்தது மிலான், வளர்ந்தது பாரிஸ் என்று உலகம் நம்பியது. நிஜத்தில் அவள் மட்டாஞ்சேரி மிளகுத் தரகர் வெங்கிடேஸ்வரனின் மகள். மூட்டைக்குள் கைவிட்டு மிளகைத் தேய்த்துப் பார்த்து விலை பேசக் கற்றபிறகுதான் பள்ளிக்கூடமே போனாள். குடும்பம் நகரின் புதுப்பக்கமான வைட்டிலாவுக்கு மாறியதும் அந்தக் கதையை மூட்டை கட்டிப் போட்டாயிற்று.

அதனாலேயே மட்டாஞ்சேரிப் பக்கம் வருவதில்லை. இம்முறை இங்கே நடக்கும் சிவசங்கரனின் ஜவுளிக்கடைத் திறப்பை துபாய் சென்ட் கம்பெனி ஒன்று நேரலையில் பார்க்கிறது. மிலான்காரி பிடித்துப்போனால் ஒரு வருட ஒப்பந்தம். காரில் வரும்போதே மேனேஜர் அனில் கெஞ்சினான்: "வாயைத் திறக்காதே, ஸாதனா. சிரிச்சா போறும்."

சிரித்தாள். நாடாவை வெட்டினாள். அடுத்தது வழக்கப்படி முதல் விற்பனை. அதை விருந்தாளிதான் வாங்க வேண்டும். பணத்தைக்கூட சிவசங்கரனே கவரில் போட்டு முன்கூட்டிக் கொடுத்திருந்தார். பட்டுப்புடவையை நீட்டி, விளம்பரத்துக்காக மைக்கில் விலையைச் சொன்னார்: பன்னிரண்டாயிரத்து எண்ணூறு.

ஸாதனாவின் கட்டைவிரல் தானாகச் சரிகையைத் தேய்த்தது.

"எந்தா சேட்டா, இதுல வெள்ளி எவிடே இருக்கு? ஏழாயிரம் தரேன்."

சிவசங்கரனும் ஜவுளியிலேயே நரைத்தவர். கவரில் இருப்பது தன் பணம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"அசலே பத்து வரும் மோளே. பதினொண்ணு."

ஸாதனா கவுனின் நீள வாலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நில்லு மோளே. எட்டரை."

"ஆயிக்கோட்டே," என்று சம்மதித்தாள் மிலான்காரி.

அத்தனையும் மைக்கில். அப்புறம் பெண்கள் உள்ளே பாய்ந்தார்கள். எல்லோருக்கும் அதே புடவை, அதே எட்டரை. சிவசங்கரன் தலையில் கைவைத்தார்.

பின்னறையில் அனில் போனை மேசைமேல் வைத்தான். சென்ட் கம்பெனி ஒரே வரியில் முடித்துவிட்டது: கேட்டது மிலான், வந்தது சந்தை. ஸாதனா மயில்வாலை மடியில் குவித்துக்கொண்டு சாயாவை உறிஞ்சினாள். ஒரு வருடச் சோறு போயிற்று.

அப்போது சிவசங்கரன் விரல்மடித்து நஷ்டம் எண்ணிக்கொண்டே வந்தார். முன்பணம் போக மீதி ஒரு லட்சத்தில் பாதிதான் தருவாராம். ஸாதனாவின் முதுகு நிமிர்ந்தது. மைக் இல்லாத இடம். வாய்க்குப் பூட்டும் இல்லை. இன்று கடைக்கு வந்த கூட்டத்துக்கு விலை போட்டாள். நேரலையில் கடைப் பெயர் தெரிந்த நேரத்துக்கு விலை போட்டாள். இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போனாள். மூன்றாவது சாயாவில் தொண்ணூறாயிரத்துக்குப் படிந்தது.

ரொக்கம் எழுபதாயிரம். அதே புடவையில் இன்னொன்று, எட்டாயிரத்து ஐந்நூறு. சிவசங்கரன் தரவேண்டிய பாக்கி, பதினோராயிரத்து ஐந்நூறு.