எலியின் கண் நீளம்

செத்த எலியின் கண்ணை எடுத்துக் கம்ப்யூட்டரில் அளப்பதற்காகத்தான் நல்லக்கண்ணுவின் மகள் தினமும் பஸ் ஏறி டவுன் கல்லூரிக்குப் போகிறாள் என்று தெரிந்தபோது, ஊரில் சிரிக்காதவர்கள் கம்மி. நன்னிலத்துப் பக்கம் எலியைத் திட்டாத வாய் கிடையாது. ஆனால் அதன் கண் உருண்டையா நீளமா என்று கவலைப்பட்ட ஆள் அதுவரை ஒருவரும் பிறக்கவில்லை. 'எலிக்கண்ணு டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். எழில்மொழி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாத்தா பண்ணையாளாகவே செத்தவர். அப்பா குத்தகை நிலத்தில் சொந்தமாகப் பயிர் வைப்பவர். அண்ணன் நெடுமாறன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். இவள் ஜெர்மனிக்குப் போகப் போகிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வேலை இதுதான். எலியின் கண்ணைச் சேதமில்லாமல் எடுத்து, ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, உப்புநீர்த் தட்டில் பக்கவாட்டில் கிடத்த வேண்டும். அருகில் ஒரு சின்ன அளவுகோலை வைத்து, மேலேயிருந்து டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்க வேண்டும். பிறகு திரையில் அந்தக் கண்ணின் விளிம்பைச் சுற்றி மௌஸால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனால், நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எங்கே புடைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நல்ல கண் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். பின்பக்கம் நீண்டுவிட்ட கண்ணுக்குத் தூரத்துப் பார்வை மங்கும். ரொம்பவும் நீண்டால் உள்ளே இருக்கும் திரையே கிழிந்துபோகும். மனிதருக்கும் அப்படித்தான்.

பூச்சிமருந்து அடித்த வயல் எலிகளை அப்பா பிடித்துக் கொடுத்தார். மருந்தே படாத வயல் எலிகளுக்கு, சவூதியிலிருந்து திரும்பி வந்து பாபநாசத்தில் இயற்கை விவசாயம் பார்த்த ஹபீப் முகம்மது உதவினார். ஒரே இன எலிகள், ஒரே பருவம். அளந்து முடித்தபோது, மருந்தடித்த வயல் எலிகளுக்குத்தான் கண் நீண்டிருந்தது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சிங்காரவேலு சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரை போனது, ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடம் அவளை அழைத்தது, பொங்கல் கழித்துப் புறப்பட டிக்கெட்டும் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். சார் ஒரு நிருபரிடம் வாய் கொடுத்தார். மருந்தடித்த வயலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கும் பார்வை போகுமா என்று கேள்விக்குறி போட்டுச் செய்தி வந்தது. கேள்விக்குறியை யார் படிக்கிறார்கள்?

நெடுமாறனின் மனைவி அம்சம் அதைப் படித்தாள். கல்யாணமாகி ரொம்ப நாள் காத்திருந்து, அவன் லீவில் வந்துபோனபோது உண்டானவள், அப்போது நாலு மாசம். கார்த்திகை முழுவதும் குனிந்து களை பறித்தவள். மருந்து வாடை புடவையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். சொன்னது வீட்டுப் பெண். எழில் சொன்னால் தப்பாக இருக்காது. நெடுமாறன் தினமும் போன் செய்து, கண்ணில்லாத பிள்ளையைப் பெற்று அதை வதைக்க வேண்டாம் என்று அழுதான். கும்பகோணத்தில் டாக்டரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை போய்க் கலைத்துவிடுவது என்று முடிவானது. எழில்மொழி குறுக்கே பேசவில்லை. கண்கள் நீண்டிருந்தன, அவளே அளந்தாள், என்னவென்று பேசுவாள்?

புதன்கிழமை காலையில் அப்பா வயலிலிருந்து கிட்டிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மூங்கில் வில்லும் கயிறுமான பொறி அது. இரைக்கு எலி தலையை நீட்டினால் வில் விடுபட்டுக் கயிறு கழுத்தை இறுக்கிவிடும். அன்றைக்கு ஒரு கிட்டி மட்டும் சறுக்கி, எலியை இடுப்போடு பிடித்திருந்தது. அது உயிரோடு இருந்தது. எழில்மொழி குனிந்து பார்த்தாள். அதன் கண் சின்னக் கறுப்பு மணியாக முகத்துக்குள் அடங்கியிருந்தது.

பக்கத்தில் செத்துக் கிடந்தவற்றைப் பார்த்தாள். எல்லாம் முழி பிதுங்கிக் கிடந்தன. பிறந்ததிலிருந்து அவள் கிட்டத்தில் பார்த்த வயல் எலி எல்லாம் அப்பாவின் கிட்டியில் விழுந்ததுதான். எலி என்றால் கண் அப்படித் துருத்திக்கொண்டுதான் இருக்கும் என்றே மனதில் பதிந்துபோயிருந்தது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் முதல் நாளே இதென்ன இப்படி என்று கேட்டிருப்பாள். ஹபீப் முகம்மதுவோ கூண்டு வைத்து உயிரோடு பிடித்துத் தருவார். அவற்றை அவள் மயக்கமருந்து கொடுத்துத் தூக்கத்திலேயே கொன்றாள். இங்கே கழுத்து நெரிபட்டு, ரத்தம் கண்ணில் ஏறி, உருண்டையே நீண்டுபோய்ச் செத்தவை. அத்தனை மாதமும் கயிறு செய்த வேலையை அளந்துவிட்டு, பழியை மருந்தின் மேல் எழுதியிருக்கிறாள்.

அந்த எலியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், பாபநாசத்து எலிகளைப் போலவே கொன்று, கண்ணைப் படம் எடுத்தாள். விளிம்புப் புள்ளிகள் தவறித் தவறி விழுந்தன. அழித்துவிட்டு மறுபடி தொட்டாள். நீளமாக இரு, நீளமாக இரு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். என்ன கேட்டுக் கெஞ்சுகிறோம் என்று உறைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. கண் உருண்டையாக இருந்தது.

ஓர் எலியை வைத்து எதையும் சொல்ல முடியாதே என்று அன்றைக்கே அரிசி ஆலையில் கூண்டுகளை இரவல் வாங்கி, அப்பாவின் அதே வயலில் வைக்கச் சொன்னாள். வியாழக்கிழமை காலை அளந்தாள். அத்தனையும் உருண்டை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டாள். சாரிடம் சொன்னால் கட்டுரை போச்சு, ஜெர்மனி போச்சு. 'எலிக்கண்ணு டாக்டர்' என்று ஊர் சாகும்வரை சிரிக்கும். இன்னொரு தடவை இப்படி ஒரு கதவு தங்கள் வீட்டுக்குத் திறக்குமா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டாள். அண்ணியிடம் மட்டும் சொல்வது. பிள்ளையும் பிழைக்கும், டிக்கெட்டும் பிழைக்கும். அந்த யோசனை வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

வீட்டில் அம்சம் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கென்று பழைய புடவைகளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எழில்மொழி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்: கிட்டி, கூண்டு, பிதுங்கிய கண், உருண்டைக் கண். அம்சம் நிமிரவே இல்லை.

"உங்க சாருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல அண்ணி."

"சொல்லுவியா?"

எழில்மொழி சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாளையும் போட்டாள்.

"அப்ப ஊருக்கு ஒரு உண்மை, எனக்கு ஒரு உண்மையா?" அம்சத்தின் குரலில் கோபம்கூட இல்லை. "நான் அழுவறதைப் பார்க்க முடியாம ஆறுதலுக்குச் சொல்றே எழிலு. அதை நம்பிப் பெத்துட்டு, அது செவுத்தைத் தடவித் தடவி நடக்கறதை நான்ல பாக்கணும்."

எழில்மொழி சத்தியம் செய்தாள். அப்பாவைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். அம்சம் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். நாளைக் காலை பஸ் ஏறிவிடுவாள், அதில் சந்தேகமில்லை. அப்போதுதான் எழில்மொழிக்கு நிஜமான பயம் வந்தது. பஸ்ஸில் வந்த பயமெல்லாம் அதன் கால்தூசி பெறாது. செல்போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, சாரைக் கூப்பிட்டாள்.

சிங்காரவேலு முதலில் நிதானமாகத்தான் கேட்டார். இடையில் ஒரு தடவை, இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்றார். பிறகு புத்தி சொன்னார்: பதற வேண்டாம், ஜெர்மனிக்குப் போ, அங்கே கிட்டி என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது, ஒரு வருஷம் கழித்துப் புதிய சோதனை செய்து மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

"இல்ல சார். இன்னைக்கே எழுதி அனுப்பிடறேன். கட்டுரை வாங்கின பத்திரிகைக்கும், ஜெர்மனிக்கும். செய்தி போட்டவங்களுக்கும் நீங்க சொல்லிடுங்க சார்."

அவ்வளவுதான், அவர் குரல் உடைந்து வெடித்தது. முப்பது வருஷத்துப் பேரை ஒரே நாளில் கெடுத்துவிட்டாள் என்று கத்தினார். இனி எந்த ஆய்வுக்கூடமும் வாசலில்கூட நிற்க விடாது, உன் ஆய்வுக்கு நானும் கையெழுத்துப் போட மாட்டேன், எலி பிடிக்கவே போ என்றார். எழில்மொழி போனைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு சொல்லும் கன்னத்தில் விழுந்தது. அழுகை வந்தது, அடக்கவில்லை. அம்சமோ போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தக் கத்த அவள் முகம் மெல்ல இளகிக்கொண்டே வந்தது. ஆறுதலுக்குச் சொன்ன பொய்க்கு யாரும் இப்படிக் கத்த மாட்டார்கள். போன் அணைந்தபோது அவள் நம்பியிருந்தாள்.

"அப்ப என் புள்ளைக்குக் கண்ணு நல்லாருக்குமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல எழில்மொழிக்கு நாக்கு துடித்தது. இனிமேல் அளக்காத எதையும் சொல்ல அவளுக்குப் பயம்.

"தெரியாது அண்ணி. கெட்டுப்போகும்னு நான் சொன்னதுக்கு ஆதாரமில்ல. நல்லாருக்கும்னு சொல்லவும் என்கிட்ட ஒண்ணுமில்ல."

அம்சம் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"தெரியாமத்தான எல்லாரும் பெத்துக்கறாங்க," என்றாள்.

பையின் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு போனை வாங்கிச் சிங்கப்பூர் எண்ணைத் தானே அழுத்தினாள். மறுமுனையில் நெடுமாறன் ஹலோ ஹலோ என்றான். அம்சம் போனை எழில்மொழியின் கையில் திணித்தாள்.

"நீயே சொல்லு. மொதல்ல சொன்னவ நீதான."