கிருஷ்ணகுமாரியை யார் விடுவிப்பது?

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்தது அல்ல. அரைப்பக்கச் செய்தியாகப் பிறந்தது.

மாவனல்லையில் கபூர் சேர் என்று ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க மனநல வார்டுகளில் ஆண் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனநலத் தாதியருக்கென்று காலாண்டுச் செய்தி இதழ் ஒன்றை நடத்துகிறார். அதன் கடைசிப் பக்கத்துக்கு ‘தொழிற் செய்திகளும் வாய்ப்புகளும்’ என்று பெயர். எங்கே பயிற்சி, எங்கே வெற்றிடம், யாருக்குப் பதவி உயர்வு என்றெல்லாம் வரும். பெல்மதுளையில் இருந்துகொண்டு அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது நான். பகலில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்.

இந்த வருடம், இரண்டாயிரத்து ஏழில், கபூர் சேர் போன் எடுத்தார்.

“டீச்சர், இந்த முறை நல்ல விசயமொண்டு ஈக்குது. ஒங்கட பக்கத்துத் தோட்டத்துப் புள்ளயாம், மனநல வார்டில வேல செய்யிது. கொழும்பில ஒரு வருசப் பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கு. நல்ல சந்தோசமா எழுதுங்க. மத்தப் புள்ளயளுக்கும் ஆச வரட்டும்.”

சரி என்றேன். போய்ப் பார்த்துப் பேசிவிட்டும் வந்தேன். அன்றிலிருந்து அரைப் பக்கம் எழுத முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். சந்தோசமாம், சந்தோசம்!

2

முதல் தொடக்கம்: ‘பச்சைப் பசேலென்ற தேயிலை மலைகளின் மடியில் பிறந்த கிருஷ்ணகுமாரி…’

அட சீ. அவள் பிறந்தது தெஹியோவிட்டப் பக்கம், றப்பர் தோட்டத்தில். றப்பர் காட்டுக்குள் வெயில்கூட ஒழுங்காக விழாது. அதை யாரும் கலண்டரில் போடுவதில்லை.

இரண்டாவது தொடக்கம்: ‘வறுமையைத் தன் விடாமுயற்சியால் வென்ற…’

இதையும் விட்டுவிட்டேன். இப்படி எழுதினால் மற்றவர்களெல்லாம் முயற்சி இல்லாமல் கிடக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

மூன்றாவது தொடக்கம்: ‘மனநலத் தாதியர் பயிற்சிக்கு மூன்றாவது தடவையாகத் தெரிவாகியிருக்கும் கிருஷ்ணகுமாரி, மூன்றாவது தடவையாகவும் போகப்போவதில்லை.’

இது உண்மை. இதைக் கபூர் சேர் போடமாட்டார். அதனால்தான் செய்தியைக் கிழித்துப்போட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன்.

3

விசயம் இதுதான். பயிற்சிக்குத் தெரிவானால் மட்டும் போதாது, ஆஸ்பத்திரி விடுவிக்க வேண்டும். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் அந்த ஒன்று மட்டும்தான் அப்படி என்று நினைத்துவிடுவீர்கள்.) அதைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தோட்டங்கள். மனநல வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துச் சனம். அந்த வார்டில் தமிழ் தெரிந்த தாதி கிருஷ்ணகுமாரி மட்டும்தான்.

முதல் தடவை மேட்ரன் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘நங்கி’ என்று தங்கையாக அழைத்துச் சொன்னாராம், சிங்களத்தில்: “அனே நங்கி, நீ போனால் இந்தத் தமிழ் நோயாளிகளோடு யார் பேசுவது? அடுத்த முறை பார்ப்போம்.”

அடுத்த முறையும் இதையேதான் சொன்னார். இடையில், அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் படித்துவிட்டு வந்து அவளுக்கு மேலே உட்கார்ந்தார்கள். நோயாளி என்ன சொல்கிறாள் என்று அவர்களுக்கும் அவள்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் தெரியாததால் அவர்களுக்குக் கிடைத்த உயர்வு, தமிழ் தெரிந்ததால் அவளுக்குக் கிடைக்கவில்லை. இந்த வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் அதேதான் வருகிறது.

இந்த வருடத்தோடு அவளுக்கு வயதெல்லை முடிகிறது.

(இந்த இடத்தில் மேட்ரனைக் கெட்டவராக எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு கோணல் சிரிப்பு, ஒரு குத்தல் பேச்சு, வேலை முடிந்துவிடும். ஆனால் சோதனைச் சாவடியில் இராணுவம் தமிழ்ப் பெண் என்று கிருஷ்ணகுமாரியைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்திருந்தபோது நேரில் போய், “இது என் பிள்ளை” என்று கூட்டிவந்தவர் அவர். பிள்ளை என்பதால்தான் வீட்டை விட்டு அனுப்ப மனமில்லை போலிருக்கிறது. கெட்டவர் என்றால் சண்டையாவது பிடிக்கலாம்.)

4

ஒரு விளக்கம். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு என்னிடம் வந்து கேட்கக்கூடாது.

‘சப்ரகமுவ மாகாணத் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியுமே’ என்பார்கள். தெரியும்தான். பஸ்ஸில், கடையில், சந்தையில், பக்கத்துக் கிராமத்துக் கல்யாணத்தில், எல்லாம் சிங்களம்தான். மிளகாய்த்தூள் வாங்கத் தெரிந்த பாசையில் மனதைத் திறக்கத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நானும் நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறேன். காய்ச்சல் வந்தால் ‘ஐயோ அம்மா’ என்றுதான் வாய் முனகுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அங்கே தொரையோ கணக்கப்பிள்ளையோ கங்காணியோ “என்ன, எப்படி?” என்றால், பிடரி வலியில் உயிர் போனாலும் நிமிர்ந்து நின்று “சொகமா இருக்கேங்க” என்று சொல்ல வேண்டும். சுகமில்லை என்று சொன்னவளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம், எலும்பில் ஊறிவிட்டது. வார்டிலும் காலையில் டொக்டர் வருகிறார், கூடவே நாலு பேர் வருகிறார்கள், கட்டில் கட்டிலாகப் பெயர் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது இன்னொரு பெரட்டு. எழும்பி, கையைக் கட்டி, அதையே சொல்லிவிடுகிறார்கள்.

கிருஷ்ணகுமாரி அதை நம்பமாட்டாள். டொக்டர் போனபிறகு வந்து கட்டிலில் உட்காருவாள்.

5

பஞ்சவர்ணத்தை இந்தக் கதைக்குள் கொண்டுவரலாமா என்று நீண்ட நேரம் யோசித்தேன். ஒரு வரைவில் அவளை வயதானவளாக்கினேன். இன்னொன்றில் அவளுக்கு நல்ல குரல் கொடுத்து, வார்டில் தாலாட்டுப் பாட வை… வேண்டாம். அவள் பாடவில்லை. றப்பர் பால் வெட்டுகிறவள், முப்பது வயதிருக்கும். கைக்குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. அதற்குப் பிறகு சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. புருஷன்தான் கொண்டுவந்து விட்டான்.

கிருஷ்ணகுமாரி வாரக்கணக்காக அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் தலை வாரிவிட்டாள். பிறகு சாப்பிட வைத்தாள். கடைசியில் பஞ்சவர்ணம் குழந்தையின் பெயரைச் சொன்னாள்.

அந்த வாரம்தான் கொழும்பில் நேர்முகத் தேர்வு. கிருஷ்ணகுமாரி ஒரு நாள் லீவில் போனாள். அன்று காலை டொக்டர் வந்தார். பஞ்சவர்ணம் எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, “சொகமா இருக்கேங்க” என்றாள். கூட நின்ற அட்டென்டனுக்கு ‘வா’, ‘போ’, ‘சாப்பாடு’, ‘சொகம்’ அளவுக்குத் தமிழ் தெரியும். சுகமாம் என்று சிங்களத்தில் சொன்னான். டொக்டருக்கும் சந்தோசம், கட்டிலுக்கும் ஆள் காத்திருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில நாளில் தோட்டத்து லொறியில் திரும்பக் கொண்டுவந்தார்கள், நினைவில்லாமல். லயத்தில், அந்த வரிசை வீட்டுக்குள், தனியாக இருந்தபோது சாகப் பார்த்திருக்கிறாள். எப்படி என்று எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு ஜெயம்மா கதவைத் தள்ளித் திறந்ததால் பிழைத்தாள்.

மேட்ரன் கிருஷ்ணகுமாரியைப் பார்த்துச் சொன்னது: “பார்த்தாயா நங்கி, ஒரு நாள் நீ இல்லாததற்கே.”

அவ்வளவுதான், பழி கைமாறிவிட்டது! எத்தனையோ வருடமாக இரண்டாவது தமிழ்த் தாதியை எடுக்காதவர்கள் மீது இல்லை. ஒரு வார்த்தையைக் கேட்டுப் பேனையை எடுத்தவர் மீது இல்லை. லீவு எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, தேர்வுக்குப் போன பெண் மீது. இதை எழுதும்போது பேனை பேப்பரைக் கிழித்துவிட்டது. பொய் சொல்லவில்லை, கிழிந்தே போனது.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ) கிருஷ்ணகுமாரி தெரிவுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தன் மக்களுக்காக வார்டிலேயே நின்றுவிடுகிறாள். (கபூர் சேரிடம் போனில் வாசித்தேன். “மாஷா அல்லா, என்ன தியாகம் டீச்சர்!” என்றார். உடனே அதைக் கோடிழுத்து அடித்துவிட்டேன். ஒருவரின் காலைக் கட்டிவைத்துவிட்டு அவர் நிற்பதைப் பார்த்துத் தியாகம் என்பதா?)

ஆ) மேலிடத்துக்கு விசயம் எட்டி, இன்னொரு தமிழ்த் தாதி நியமனமாகி, பஞ்சவர்ணம் குணமாகி, மேட்ரன் கண்ணீரோடு வழியனுப்புகிறார். (சிரிக்காதீர்கள். எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது.)

இ) கிருஷ்ணகுமாரி வேலையை விட்டுவிட்டு வெளிநாடு…

ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தபோது மூன்றையும் கொடுத்தேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை வாசித்தாள்.

“என்னங்க டீச்சர் இது? மொத ரெண்டுலயும் நான் வார்டுக்குள்ளயேதான் நிக்கிறேன், மூணாவதுல வேலையையே விட்டுர்றேன்.”

“ரெண்டாவதுல நீங்க கொழும்புக்குப் போறீங்களே.”

“எப்பப் போறேன்? இன்னொரு நர்ஸ் மிஸ் வந்த பொறகு, பஞ்சவர்ணம் அக்கா சொகமான பொறகு, மேட்ரன் அழுத பொறகு. எல்லாரும் சரின்னு தலையாட்டினாத்தான் நான் போவணுமா? மத்த மிஸ்மாரெல்லாம் அப்படியா போனாங்க?”

நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். “அப்ப பஞ்சவர்ணத்தோட யாருங்க பேசுறது?”

அவள் கோப்பையை வைத்த வேகத்தில் தேத்தண்ணி என் வரைவுமேல் சிந்தியது.

“நீங்களுமா டீச்சர்? டொக்டர் கேக்கலாம், மேட்ரன் கேக்கலாம், நீங்களுமா? ஊர் முழுக்க என்கிட்ட மட்டுந்தான் இதக் கேக்குது. அவங்ககிட்டப் போயி ஏன் நீங்க தமிழ் படிக்கலைன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? நான் என்ன பெரிய ஆளாவவா போறேன்? அந்தப் பயிற்சிய முடிச்சாத்தான் லயத்துக்குப் போயி ஆளப் பாக்க விடுவாங்க. இப்ப ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினா நான் யாருமே இல்ல. பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்குப் போன அடுத்த நாளே நான் போய்ப் பாத்திருந்தா, அந்த லொறி வந்திருக்குமா?”

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள். “என்னையத் தெய்வமாக்கிறாதீங்க டீச்சர். சும்மா பஸ்ல ஏத்தி விடுங்க, போதும்.”

7

அப்படியே செய்கிறேன்.

இதை எழுதும் இந்த நேரம்வரை விடுவிப்புக் கடிதம் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் இது என் கதை. மேட்ரனின் கையெழுத்தை நானே போடுகிறேன், தேதியும் போடுகிறேன். கிருஷ்ணகுமாரி கொழும்புக்குப் போக அவிசாவளை பஸ்ஸில் ஏறுகிறாள், ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. அவள் அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடுகிறாள். பஸ் போய்விட்டது. இனி அவள் இந்தக் கதையில் இல்லை. அவளைத் தேடவேண்டாம்.

வார்டு அங்கேயே இருக்கிறது. காலையாகிவிட்டது. டொக்டர் வருகிறார், பின்னால் படித்துவிட்டு வந்த தாதிமார், அட்டென்டன். பஞ்சவர்ணத்தின் கட்டிலருகே நிற்கிறார்கள். கிருஷ்ணகுமாரி போவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: “அக்கா, டொக்டர் கங்காணி இல்ல. கேட்டா உள்ளதச் சொல்லுங்க.” பஞ்சவர்ணம் அதைக் கேட்டுக்கொண்டாள். இந்தமுறை அவள் எழும்பவில்லை, கையும் கட்டவில்லை. டொக்டரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

“நல்லா இல்லீங்க. கண்ண மூடினா புள்ள பாலுக்கு அழுவுது. செத்துப்போச்சுன்னு தெரியுதுங்க, தெரிஞ்சும் எந்திரிச்சு ஓடுறேன். வீட்டுக்கு மட்டும் அனுப்பிறாதீங்க. அனுப்பினா நான் திரும்பவும் அதத்தான் செய்வேன்.”

டொக்டர் அட்டென்டனைப் பார்க்கிறார். அட்டென்டன் நல்ல மனிதன், பஞ்சவர்ணம் இத்தனை பேசிக் கேட்டதில் அவனுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. “முன்னைவிட நன்றாகப் பேசுகிறாள் சேர்” என்று சிங்களத்தில் சொல்கிறான். தாதிமாரும் தலையாட்டுகிறார்கள். டொக்டர் சிரித்துக்கொண்டே பேனையைத் திறக்கிறார்.

நான் இதற்குமேல் எழுதமாட்டேன். அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களில் அவள் சொன்னது விளங்கியவர் நீங்கள் ஒருவர்தான்.