பூஜைத் தட்டில் பேட்டரி

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருப்பவர்கள் லேசில் இறங்கி வரமாட்டார்கள். கந்தவேலும் அப்படித்தான். மச்சானைத் தான் வென்ற விஷயத்தில் இருபது வருடமாக ஓர் அங்குலம்கூட இறங்கியதில்லை.

வென்றது வீடியோ கேம் கார் பந்தயத்தில். கலியாணமான புதிதில், மனைவி நர்மதாவின் அண்ணன் சபரிநாதனோடு டிவி முன்னால் உட்கார்ந்து ஓட்டியது. முதலிடம் கந்தவேல், இரண்டாமிடம் சபரி என்று அந்த கேம் பெட்டியே எழுதி வைத்திருந்தது. சபரியோ, "நானுங்களா தோத்தேன்? சும்மா சொல்லாதீங்க மாப்பிள்ளை" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் முன்னால் சிரிப்பார். போனில் படமெடுத்து அனுப்பினால், "போட்டோவுல எதை வேணும்னாலும் ஒட்டலாமுங்க" என்பார். வடக்கே போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறவர், ஊருக்கு வருவதே அபூர்வம். இந்த ஆயுத பூஜைக்கு வந்து நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

கந்தவேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தப் பெயர்களைக் காத்து வந்த பொத்தான் பேட்டரி பெட்டிக்குள் சாகக் கிடந்தது. அது செத்தால் பெயரும் போச்சு. பெட்டியை ஆன் செய்து வைத்துக்கொண்டே மாற்றினால் ஒன்றும் அழியாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். நடுவில் கரண்ட் போய்விட்டால்? அதை நம்பிக் கெட அவரென்ன பைத்தியமா? பெட்டியை இன்வெர்ட்டரில் மாட்டினார். அந்த இன்வெர்ட்டருக்கும் புது பேட்டரி வாங்கிப் போட்டார்.

பூஜையன்று காலை பெட்டியை ஆன் செய்து, மூடியைத் திறந்து, பழைய பேட்டரியைக் கழற்றினார். புதியதைச் செருக வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் தொழில்காரன் புத்தி விழித்துக்கொண்டது. சாமிக்கு வைக்காமல் ஒரு போல்ட்டைக்கூட வண்டியில் ஏற்றாத வீடு. நல்ல நாளும் அதுவுமாகப் பொட்டு வைக்காமலா? புதுப் பேட்டரியைக் கொண்டுபோய்ப் பூஜைத் தட்டில், ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்.

"நர்மதா, சூடம் காட்டறப்ப எந்த மெசினும் ஓடக்கூடாது. எல்லாத்தையும் நிறுத்திரு." வருடா வருடம் சொல்வது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நர்மதா புருஷன் பேச்சைத் தட்டாதவள். கிரைண்டர், மோட்டார், ஃபேன் என்று ஒவ்வொன்றாய் நிறுத்திக்கொண்டே போனவள், டிவிக்குக் கீழே அந்தப் பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிவதைப் பார்த்து அந்த சுவிட்சையும் அணைத்தாள். கந்தவேல் அப்போது மனமுருகிப் பேட்டரிக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சபரி வந்தபோது டிவியில் பெயர்ப் பட்டியல் வெறும் கோடுகளாக நின்றது. நாலு வண்டிக்கு முதலாளி, அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"சாமி சத்தியமா இருந்துச்சுங்க மச்சான். காத்தால வரைக்கும் இருந்துச்சு."

சிரிக்கத் தயாராக வந்த சபரி அந்த முகத்தைப் பார்த்தார். பேட்டரியில் காய்ந்திருந்த சந்தனத்தையும் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

"அட உடுங்க மாப்பிள்ளை. நீங்களே ஜெயிச்சதா வெச்சுக்கலாம்."

"அதான் அண்ணனே சொல்லிப்போட்டாங்கல்ல, வெச்சுக்கங்க" என்றபடி நர்மதா பொரிகடலையை நீட்டினாள்.

தோற்றிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இருபது வருடம் மல்லுக்கு நின்று காத்த வெற்றியை மச்சான் இரக்கப்பட்டுக் கொடுக்கிறார். கந்தவேலால் அதை வாங்கவும் முடியவில்லை, வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை.