சுவரைத் தாண்டிய மேஜை

அரசாங்கத்தோடு நில ஒப்பந்தப் பேச்சுவார்த்தை தொடங்கிய பதினோராம் ஆண்டில் மேஜை சமூகக்கூடத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஆண்டு டீசல் விலையும் ஏறியது. தலாஸ் கடற்கழியோரத்துப் பூர்வகுடி மக்கள் டீசலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், ஏனென்றால் மேஜை நீள்வது அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. அரசாங்கத் தரப்பில் புது அதிகாரி வந்து, முந்தையவர் ஒப்புக்கொண்டது எதுவும் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிக்கும்போதெல்லாம் அந்தத் தேவதாரு மேஜை கிறீச்சிட்டுப் பத்து முழம் நீளும். ஏழாவது அதிகாரி ரஸ்ஸல் வந்தபோது அவனுடைய நாற்காலி கடற்கரைக் கூழாங்கற்களின் மேல் கிடந்தது. அவன் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கூடத்துக்குள் மறுமுனையில் தன் மக்களுக்காகப் பேசும் டெல்ஃபின் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதை அவளுடைய தம்பி ஆம்ப்ரோஸ் நடந்துபோய்ச் சொல்வான், போகிற வழியில் தன் பங்குக்கு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வான். வெளியே நீண்ட பகுதியில் பெண்கள் சால்மன் மீனைக் கீறி வைத்தார்கள்.

இத்தனைக்கும் டெல்ஃபின் தரப்புச் செலவுக்கு நிதி தந்தது அரசாங்கமேதான். வழக்கறிஞருக்கு, வரைபடத்துக்கு, விமானக் கட்டணத்துக்கு என்று ஆண்டுதோறும் வரும். ஆரம்பத்தில் அது கடனாக வந்தது. எதிராளியிடமே கைமாற்று வாங்கி அவனோடு வாதாடுகிற கூத்து உலகத்தில் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. பிறகு யாருக்கோ வெட்கம் வந்து மானியமாக்கினார்கள். விருந்துக்கும் பரிசுக்கும் மட்டும் அதிலிருந்து எடுக்கக் கூடாது என்ற விதி மாறவேயில்லை.

டெல்ஃபினுக்கு அந்த ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும்விட வேண்டியிருந்தது சிப்பிக் கரை. அவளுடைய முன்னோர் அலை உள்வாங்கும் இடத்தில் கல்லடுக்கி, உள்ளே மணல் தங்கவைத்து, சிப்பி வளர்த்த கரை அது. மரக்கட்டை இறக்கும் துறையாக்க ஒரு நிறுவனம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்துக்குள் ஒப்பந்தத்தில் ஏறாவிட்டால் கரை அந்த நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போய்விடும், கல்லெல்லாம் வாரப்பட்டுவிடும். இரண்டாவது அதிகாரி, கரை உங்களுடையதுதான் என்று வாயால் சொன்னார். மூன்றாவது அதிகாரி, எந்தக் கரை என்று கேட்டார். இப்போது ரஸ்ஸலும் உங்களுடையதுதான் என்கிறான். வசந்தத்தில் அவனையும் மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

டெல்ஃபினின் மக்கள் வழக்கப்படி, விருந்து வைத்து, வந்தவர்களுக்குச் சாட்சிக் கூலி கொடுத்து, அவர்கள் முன்னால் சொன்னதுதான் சொல். கூலி வாங்கியவன் எங்கே இருந்தாலும் வந்து, கண்டதைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் அரசாங்க விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு சொல்லுக்குக்கூடச் சாட்சி வைக்காமல் பேசியிருக்கிறோம் என்பது டெல்ஃபினுக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தபோது உறைத்தது. அந்த ஆண்டு நிதி முழுவதையும் எடுத்துச் சாட்சிக் கூலியாகக் கொடுக்கக் கம்பளிகள் வாங்கினாள்.

"வக்கீல் பணத்துல கம்பளி வாங்கிட்டியே அக்கா, வக்கீலு எதப் போத்திக்குவாரு?" என்றான் ஆம்ப்ரோஸ்.

"அவரு வீட்டுல நெறைய இருக்கும்டா. நீ மூட்டையப் பிடி."

விருந்தில் ரஸ்ஸல் கடற்பாசியில் ஒட்டிய ஹெரிங் மீன் முட்டையை மீன்நெய்யில் தோய்த்து நன்றாகவே சாப்பிட்டான். கம்பளியை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மேடம், நாங்க பரிசு வாங்கக் கூடாது. வேலை போயிடும்."

"பரிசு இல்ல தம்பி, கூலி," என்றான் ஆம்ப்ரோஸ். "திருப்பிக் கொடுத்தா நீ இங்க ஒண்ணுமே பாக்கலன்னு ஆயிடும். ஆனா நீ நாலு தட்டு வழிச்சத நான் பாத்தேனே."

எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்ஸல் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு எழுந்து, சிப்பிக் கரை இந்த மக்களுடையது, இதை அரசாங்கத்தின் சார்பில் சொல்கிறேன் என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

செலவு செல்லாது என்று அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது. அடுத்த ஆண்டு நிதி நின்றது, வழக்கறிஞர் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார். ரஸ்ஸலுக்கு வேலை போயிற்று. டெல்ஃபின் பயந்தாள். ஊரின் கரையை ஒரு கம்பளியை நம்பி வைத்துவிட்டோமே என்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோடை முடியும்போது எட்டாவது அதிகாரி திருமதி லாம்பர்ட் வந்தார். அவருடைய நாற்காலிக் கால்களை அலை நனைத்தது. "மொதல்ல இருந்தே ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டார். மேஜை கிறீச்சிட்டது.

அப்போது அலையோரச் சேற்றில் ரஸ்ஸல் நடந்து வந்தான். காலையில் நகரத்தில் பல் வைத்தியரிடம் உட்கார்ந்திருந்ததாகவும், தோளில் கம்பளி வந்து விழுந்து இழுத்ததாகவும் சொன்னான். வாயில் பாதி மரத்துப்போயிருந்தது. படகு எதையும் யாரும் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் விருந்துக்கு வந்த அத்தனை பேரும் கம்பளியோடு வந்து நின்றார்கள். ரஸ்ஸல் குழறலாக, ஒரு வார்த்தை விடாமல், தான் சொன்னதைச் சொன்னான். மற்றவர்கள் கேட்டோம் என்றார்கள்.

மேஜை உள்வாங்கத் தொடங்கியது. அதன் விளிம்பைப் பிடித்திருந்த திருமதி லாம்பர்ட்டை நாற்காலியோடு கூழாங்கற்கள் மேல் இழுத்து, சுவர் ஓட்டை வழியாகக் கூடத்துக்குள் கொண்டுவந்து, டெல்ஃபினின் முழங்காலில் அவருடைய முழங்கால் இடித்ததும் நின்றது. டெல்ஃபின் தேநீர் ஊற்றினாள். அவர் பாதி குடித்துவிட்டு, சிப்பிக் கரையை ஒப்பந்தத்தில் எழுதினார். எழுதியவர் நிமிர்ந்து, "எனக்குக் கம்பளி இல்லையா?" என்று கேட்டார்.

"தீந்துபோச்சு," என்றான் ஆம்ப்ரோஸ்.

டெல்ஃபின் தன் தோளில் கிடந்ததை எடுத்து அவருக்குப் போர்த்தினாள். இரண்டு வருஷம் கழித்து ஒன்பதாவது அதிகாரி வந்தபோது, அவருக்கு முன்பே திருமதி லாம்பர்ட் தோளில் கம்பளியோடு வந்து உட்கார்ந்திருந்தார். மேஜை அசையவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அந்த வாரம் சிப்பி நல்ல விலைக்குப் போனது.