உருத்திரமூர்த்தி வாங்கிய வாகனம்

கடையின் ரப்பர் விரிப்பில் உருத்திரமூர்த்தி எழுந்து நின்றார். நின்றார் என்பதைவிட, கூட்டாளி பேரின்பநாதனின் தோளில் தொங்கினார் என்று சொன்னால் பொருத்தம். காலில் ஐஸ் ஹொக்கி ஸ்கேட், அன்று அவர் போட்டுப் பார்த்த ஆறாவது சோடி. முன்னுக்குச் சரிந்தார், பின்னுக்கு வளைந்தார், கூரை விளக்குகளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார், பிறகு மறுபடி முன்னுக்கு வந்தார். நாடா கட்டிவிட்ட விற்பனைப் பெண் எழும்பாமல் கீழேயே குந்தியிருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். இந்த மனிதர் விழுந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“ஆடுது மச்சான்,” என்றார் உருத்திரமூர்த்தி.

“ஒங்கட கால்தான் ஆடுது. சாமான் நல்ல சாமான்,” என்றார் பேரின்பநாதன்.

பேரின்பநாதன் ஹொக்கியில் பெரிய ஆள். பதினான்கு வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் தொலைக்காட்சியில் பார்க்கிறார். யார் எந்த நேரம் யாருக்குப் பந்து கொடுத்திருக்க வேண்டும் என்று சோபாவில் இருந்தபடி அவர் சொல்வதைக் கேட்டிருந்தால் எத்தனையோ அணிகள் உருப்பட்டிருக்கும். ஐஸில் கால் வைத்ததில்லை. அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

உருத்திரமூர்த்திக்குப் பொருள் வாங்குவதில் ஒரு முறை உண்டு. எதை வாங்கினாலும் நிலத்தில் வைத்து, உள்ளங்கையால் அமத்தி ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் வேண்டாம். சாப்பாட்டு மேசையை அப்படித்தான் வாங்கினார். உடுப்பு ஸ்திரி போடுகிற மேசையையும் அப்படித்தான். மொன்ட்ரியால்-நோரில் இப்போது இருக்கிற வீட்டை வாடகைக்கு எடுத்தபோது மூன்று அறையிலும் குதித்துப் பார்த்தார், கீழ்வீட்டுக்காரி மேலே ஏறி வந்துவிட்டாள். இந்த முறை அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை.

விற்பனைப் பெண் பொறுமையாகப் பிரெஞ்சில் விளக்கினாள். இரும்பு அலகின் அடிப்பக்கம் கொஞ்சம் வளைந்திருக்கும், அதனால்தான் ஆடுகிறது, வளைவு இருந்தால்தான் சட்டென்று திரும்பலாம். பதினொரு வருடம் சென்ட் லோரன்டில் சரக்குக் களஞ்சியத்தில் வேலை செய்தவருக்கு அந்தப் பிரெஞ்சு நன்றாகவே விளங்கியது. விளங்காதது ஒன்றுதான். நிற்கவே வழியில்லாதவன் எதற்காகத் திரும்ப வேண்டும்?

இந்த வில்லங்கம் முழுக்க அவர் தானாகத் தேடிக்கொண்டது. 1995இல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேற்பார்வையாளன் றெஜான் சும்மா ஒரு கேள்வி கேட்டான்: உனக்கு ஸ்கேட் தெரியுமா? இல்லை என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து உருத்திரமூர்த்தி ஓம் என்று தலையாட்டினார். அது மட்டுமென்றால் பரவாயில்லை, ஓரளவு ஓடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார். வருடா வருடம் மாசி மாதத்தில் களஞ்சியக்காரருக்கும் அலுவலகக்காரருக்கும் ஹொக்கி ஆட்டம் நடக்கும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாசியும் அவருக்கு ஏதாவது நடந்தது. நாரி பிடித்து இடுப்பு நிமிரவில்லை. அப்பாவின் திவசம் வந்தது. பெரியப்பா இரண்டு தரம் செத்தார், நான்காம் வருடம் ஒரு தரம், ஏழாம் வருடம் ஒரு தரம். இரண்டாம் தரம் றெஜான் கண் கலங்கி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுதாப அட்டை கொடுத்தான். பெரியப்பா மட்டக்களப்பில் இன்றைக்கும் காலையில் சைக்கிளில் பேப்பர் வாங்கப் போய்வருகிறார்.

இந்த வருடம் சாகடிக்க ஆள் இல்லை. களஞ்சியத்தில் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அணிக்கு ஆள் காணாது, நீ இல்லாமல் ஆட்டமே இல்லை என்று றெஜான் சொல்லிவிட்டான். போதாததற்குக் குடும்பத்தையும் கூட்டிவரச் சொன்னான். மகள் கஜந்திக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு ஸ்கேட் தெரியும் என்று அவளுக்கும் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். றெஜானிடம் பொய்யனாவதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். அவள் முன்னால் ஆவதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் மூலையில், கீழ்த்தட்டில், வேறு மாதிரியான ஒரு சோடியைக் கண்டார். மற்றவைபோல் ஒய்யாரமில்லை. பதிவாக, அகலமாக, சுற்றிவரத் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக்கோடு இருந்தது. அலகு நீளம், அடி தட்டை. எடுத்து நிலத்தில் வைத்து உள்ளங்கையால் அமத்தினார். ஆடவில்லை. மற்றக் கையையும் சேர்த்து அமத்தினார். அசையவில்லை.

போட்டுக்கொண்டு எழும்பினார். பேரின்பநாதனின் தோளிலிருந்து முதலில் ஒரு கையை எடுத்தார், பிறகு மற்றக் கையையும் எடுத்தார். நின்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் இரத்தம் ஓடியது.

“இதுதான்,” என்றார்.

விற்பனைப் பெண் நேர்மையானவள். இது கோல் கீப்பர் போடுவது ஐயா, இதைப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு ஓடி விளையாடுவது கஷ்டம் என்று இரண்டு தரம், இரண்டாம் தரம் கையாலும் காட்டிச் சொன்னாள்.

“சப்பாத்துக்கு ஆர் போட்டிரிக்கிறான் எண்டு தெரியவா போகுது?” என்று பேரின்பநாதன் தமிழில் கேட்டார். உருத்திரமூர்த்திக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அலகைத் தீட்டித் தரச் சொன்னார். தீட்டினால் பிறகு மாற்றித்தர மாட்டோம் என்றாள் அந்தப் பெண். ஆடாத பொருளை எவனாவது மாற்றுவானா என்று அவர் சிரித்தார்.

வீட்டில் வேறொரு பிரச்சினை எழும்பியது. புதிதாக எது வந்தாலும் சாமித் தட்டுக்கு முன்னால் வைத்துப் பொட்டுவைப்பது மனைவி சுதாஜினியின் வழக்கம். ரைஸ் குக்கருக்கு வைத்தாள், தொலைபேசிக்கு வைத்தாள். ஆனால் இது காலில் போடுவது.

“சப்பாத்த சாமிக்கு முன்னால வைக்கிறதா? என்ன கதை கதைக்கிறீங்க,” என்றாள்.

“அது சப்பாத்தில்ல தங்கச்சி,” என்றார், தேத்தண்ணிக்கு வந்திருந்த பேரின்பநாதன். “சப்பாத்தில நடக்கிறம். இதில ஏறிப் போறம். ஏறிப் போறது வாகனம்.”

சுதாஜினி ஸ்கேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் கத்திமாதிரி இருக்கிறதே, அப்படியென்றால் ஆயுதமல்லவா என்று கேட்டாள். ஆயுதமென்றாலும் பூசை உண்டுதானே என்றார் பேரின்பநாதன். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் பொட்டு நியாயம் என்று ஆனபின் அவள் மறுக்கவில்லை. பேப்பர் விரித்து, சாமியைப் பாராமல் சுவரைப் பார்த்தபடி ஸ்கேட்டை வைத்து, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வஞ்சகமில்லாமல் சந்தனமும் குங்குமமும் அப்பினாள். புது வாகனமென்றால் தேசிக்காயை மிதிக்க வேண்டும், அதை ஓடப்போகிற இடத்தில் வைத்து மிதிப்போம் என்று இரண்டு காயை எடுத்து ஒதுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கஜந்தி நூலகத்திலிருந்து வந்தாள். தோள்பையைக் கழற்றவில்லை. ஸ்கேட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, இது கோல் கீப்பர்ட.”

“தெரியும் புள்ள. கடையில சொன்னவ.”

“நீங்க கோல் கீப்பரா?”

அவர் குனிந்து பேப்பரின் மடிப்பை நீவினார். அவள் இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஒங்களுக்கு ஸ்கேட் தெரியும்தானே?”

“தெரியும். விட்டுப்போய்க் கனகாலம்.”

“ம்,” என்றுவிட்டுப் பிரிட்ஜைத் திறந்து பால் எடுக்கப் போனாள். அந்த ‘ம்’ அவருக்கு நெஞ்சில் இடித்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தீட்டியதென்றாலும் கெஞ்சிப் பார்த்து ஸ்கேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். சுதாஜினி பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். சிவப்பு போகவில்லை, பரவியது. வெள்ளை ஸ்கேட் இளஞ்சிவப்பு ஸ்கேட்டானது. இனி அதை உலகத்தில் எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், ஆட்டம் நடக்கிற அரீனாவின் உடுப்பு மாற்றும் அறையில் ஓரமாக இருந்து, கால்மணி நேரம் எடுத்து நாடா கட்டினார். நாரி பிடித்துக்கொண்டது என்று சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. வாயைத் திறக்கும்போது றெஜான் ஸ்கேட்டைக் கண்டுவிட்டான்.

அவன் அப்படியே நின்றான். பிறகு போட்ட கூச்சலில் அறை முழுக்கத் திரும்பியது. அவர்களுடைய கோல் கீப்பர் நோர்மாண்ட் கோடையில் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டான். யாரைக் கோலுக்கு விடுவது என்று அந்த நிமிடம்வரை அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்குள்ளேயே பதினொரு வருடம் ஒரு கோல் கீப்பர் இருந்திருக்கிறான், அடக்கத்தினால் சொல்லவில்லை என்று றெஜான் அவரைக் கட்டிப்பிடித்தான். நாலு பேர் சேர்ந்து மெத்தை மெத்தையாகக் காலுக்கும் நெஞ்சுக்கும் கட்டினார்கள். அந்த இளஞ்சிவப்பு நிறம் என்ன என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கும் என்று அவனை அடக்கினான். உருத்திரமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார், முகக்கவசம் வந்து மூடியது.

அறைக்கு வெளியே, ஐஸுக்குப் போகிற வழியில் சுதாஜினியும் கஜந்தியும் நின்றார்கள். சுதாஜினி ஐஸுக்கு இறங்குகிற வாசலில் குனிந்து தேசிக்காய் இரண்டையும் அளந்து வைத்துக்கொண்டிருந்தாள். உருத்திரமூர்த்தி சுவரில் சாய்ந்து நின்று, முகக்கவசத்தை மேலே தள்ளினார். வேர்த்துக் கொட்டியது.

“புள்ள,” என்றார். “எனக்குத் தெரியாது. ஒருநாளும் தெரியாது. பொய் சொன்னனான்.”

சொன்னபின் அவருக்கு வெட்கமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. பதினொரு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தரம், அதுவும் எந்த முகத்துக்கு அஞ்சினாரோ அந்த முகத்துக்கே.

“தெரியும் அப்பா,” என்றாள் கஜந்தி. “பார்க்ல ஒருநாள் ஐஸுக்குள்ள வந்து மூணு தரம் விழுந்தீங்க. ஐஸ் சரியில்ல எண்டு சொன்னீங்க.”

“அப்ப ஏன் நீ ஒண்டும் கேக்கல்ல?”

“நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்தன்.” அவள் எட்டி அவருடைய நெஞ்சு மெத்தையின் பட்டியை இழுத்து இறுக்கினாள். “ஓடத் தேவையில்ல. வலைக்கு முன்னால நிண்டாக் காணும். சுவரப் பிடிச்சுக்கொண்டு போங்க.”

“நிப்பன்,” என்றார். “நிக்கிறதுக்குத்தானே இத வாங்கினனான்.”

சுதாஜினி விலகினாள். அவர் வலது காலைத் தூக்கி வைத்தார். தீட்டின அலகு தேசிக்காயை நசுக்கவில்லை, கத்தியால் வெட்டின மாதிரி இரண்டாகப் பிளந்தது. மற்றதும் அப்படியே. ஒரு பாதி உருண்டு ஐஸில் வழுக்கிக்கொண்டு போய், வலையின் கம்பத்தில் முட்டி நின்றது. அவருக்கு முன்னமே அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து, தாரா நடை நடந்து ஒருவாறு வலையை அடைந்தார். அவ்வளவு மெத்தை கட்டின மனிதர் மெதுவாகப் போவதில் யாரும் பிழை காணவில்லை.

முதல் ஐந்து நிமிடம் ஆட்டம் அந்தப் பக்கமே நடந்தது. உருத்திரமூர்த்தி நின்றார். நிற்பதில் அந்த அரீனாவில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஒரு பக்கமும் சரியவில்லை, ஒரு விரல்கூட அசையவில்லை. என்ன நிதானம் என்று யாரோ பிரெஞ்சில் சொன்னது கேட்டது. விற்பனைப் பெண்ணை நன்றியோடு நினைத்துக்கொண்டார்.

பிறகு அலுவலகக் கணக்காளன், கழுத்து நீண்ட ஒல்லிப் பையன், ரப்பர் வட்டைத் தட்டிக்கொண்டு தனியாக வந்தான். அவனுக்கும் உருத்திரமூர்த்திக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. இடது பக்கம் நகர வேண்டும் என்று அவருடைய தலை சொன்னது. கால்கள் அதைத் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பதற்கிடையில் ஒன்று கிழக்கும் மற்றது மேற்குமாகப் போயின. அவர் மெத்தைகளோடு தொப்பென்று குறுக்கே விழுந்தார். வயிற்றில் ஏதோ அடித்தது. விசில் ஊதியது.

கண்ணைத் திறந்தபோது வட்டு அவருக்கு அடியில் இருந்தது. களஞ்சியக்காரர் எல்லோரும் மட்டைகளைச் சுவரில் அடித்து முழங்கினார்கள். மேலே பார்வையாளர் பக்கத்தில் பேரின்பநாதன் எழும்பி, தான் சொல்லிக்கொடுத்ததுதான் இது என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவருக்குத் தமிழில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

இனி எழும்ப வேண்டும். முழங்காலை ஊன்றினார், வழுக்கியது. கையை ஊன்றினார், அதுவும் போனது. மூன்றாம் தரம் முயலும்போது றெஜான் வழுக்கி வந்து பக்கத்தில் நின்றான். குனிந்து முகக்கவசத்துக்குள் அவர் கண்ணைப் பார்த்தான். பதினொரு வருடம் சேர்ந்து வேலை செய்த மனிதனின் பார்வை அது. அதில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று உருத்திரமூர்த்திக்குப் பிடிபடவில்லை.

எழும்பாதே, என்றான் றெஜான் மெல்லிய குரலில். அப்படியே கிட. நிற்பதைவிடக் கிடந்தால் வலை அதிகமாக மறைகிறது.

அவன் போய்விட்டான். உருத்திரமூர்த்தி கன்னத்தை ஐஸில் வைத்துக் கிடந்தார். மூக்குக்குப் பக்கத்தில் தேசிக்காய்ப் பாதி கிடந்தது, நல்ல வாசம் அடித்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சுதாஜினி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கஜந்தி, முகத்தைக் கண்ணாடியில் அழுத்தி, கண்ணீர் வரும்வரை சிரித்துக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து அவருக்கு எதையோ காட்டினாள். விசில் மறுபடி ஊதியது. ஐஸைக் கீறுகிற சத்தம் ஐந்து சோடிக் கால்களில் நெருங்கி வந்தது. அவர் தேசிக்காய்ப் பாதியைக் கையுறையால் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, கையையும் காலையும் இயன்றமட்டும் அகட்டிக்கொண்டார்.