ஐந்து வீட்டு அம்மை

ராபர்ட்சன்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த துளசிராமன் எட்டு நாளாக வீட்டுப் படி இறங்கவில்லை. மகள் சாரதாவுக்குப் பெரியம்மை. நிலைக்கால் இரண்டிலும் வேப்பிலை செருகியாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டார் வெளியே போவதில்லை. வெளியார் உள்ளே வருவதில்லை. அவர் வம்சத்தில் இந்தக் கட்டை மீறியவர் ஒருவரும் கிடையாது.

மீறச் சொல்லித் தெருவில் நின்று மன்றாடினார் தரகர் ராஜப்பா.

“அண்ணே, ஜெர்மன்காரன் வர்ற நேரம். அந்தத் தழைய மட்டும் எடுத்துடுங்க. ஒரு மணி நேரம்தான்.”

அது 1964. ஊரை வாழவைத்த தங்கச் சுரங்கத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பாறையில் துளைபோடும் இயந்திரம் செய்யும் ஜெர்மன் கம்பெனி ஒன்று இங்கே தொழிற்சாலை வைக்க இசைந்திருந்தது. நிலம் துளசிராமனுடையது. இரண்டு வருஷம் பெங்களூருக்கு நடையாய் நடந்து அவர்களை இழுத்து வந்தவரும் அவரே. முந்நூறு பேருக்கு வேலை என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து வாக்குக் கொடுத்திருந்தார். இன்று கையெழுத்து. படி இறங்க முடியாததால் வாசலிலேயே போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார்.

“அம்மனை ஒளிச்சு வெக்கச் சொல்றியா?” என்றார்.

“ஒளிச்சாச்சு அண்ணே. இந்தத் தெருவுல இன்னும் நாலு வீட்டுல கீது. சொன்னேன், எடுத்துட்டாங்க. அவங்களுக்கு மட்டும் ஆத்தா மேல பயம் இல்லியா?”

துளசிராமன் எதிர்வாடையைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரன் சம்பங்கியின் நிலையில் நேற்றுவரை இருந்த வேப்பிலை இல்லை.

“இன்னாங்க, தழையத் தொட்டீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்!” உள்ளேயிருந்து மனைவி கங்கம்மாவின் குரல். “பொண்ணு இன்னும் கண்ணு தொறக்கல.”

“யாரும் தொடல.”

கார் வந்து நின்றது. ஜெர்மன்காரர் இறங்கினார், பச்சைத் தழையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தனக்காகக் கட்டிய தோரணம் என்று நினைத்துவிட்டார். ராஜப்பாவும் விடவில்லை. “வெல்கம் சார், வெல்கம்!”

பெங்களூரில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.

துளசிராமன் இரு கைகளையும் விரித்து வாசலை மறித்தார். வெள்ளைக்காரச் சுரங்க அதிகாரிகளுக்கு ஆணியும் பூட்டும் விற்றுக் கற்ற இங்கிலீஷில், “வராதீர்கள். உள்ளே என் மகளுக்கு ஸ்மால்பாக்ஸ்,” என்றார்.

ஒற்றை ஷூவோடு ஜெர்மன்காரர் தெருவுக்கு இறங்கிவிட்டார். அங்கிருந்தே கேட்டார்: “இந்த வீட்டில் மட்டுமா?”

ஆமாம் என்றால் போதும். ராஜப்பா கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் எஞ்சினியர்கள் பெண்டு பிள்ளைகளோடு இங்கே குடிவரப்போவதாக அந்த மனிதர் கடிதத்தில் எழுதியிருந்தார். நம்பி வருகிறவன் குழந்தைக்குத் தெரிந்தே அம்மையைக் கொடுத்து, அந்தக் காகிதத்தில் தகப்பன் பேரையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதா?

“ஐந்து வீடு,” என்றார்.

“மன்னியுங்கள். என் கம்பெனி இனி இந்த ஊருக்கு வர ஒப்புக்கொள்ளாது.”

கார் திரும்பிப் போனது. தெருவில் கூட்டம் சேர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் சம்பங்கி.

“இன்னாய்யா பெரிய மனுசா! உன் வீட்டக் காட்டிக் குடுத்துக்க. எங்க வீட்ட எண்ண நீ யாரு? உன் பையனுக்குக் கடை கீது. என் பையனுக்கு இன்னா கீது?”

பதில் இருந்தது. இறங்கிப்போய் அவன் தோளைப் பிடித்துச் சொல்ல வேண்டிய பதில். கால் வாசற்படி வரை போய் நின்றுவிட்டது. கதவைச் சாத்தவும் மனமில்லை, சாத்தினால் ஒளிந்ததாகிவிடும். கடைசி ஆள் காறித் துப்பிவிட்டுப் போகும்வரை அங்கேயே நிமிர்ந்து நின்றார்.

பிறகு உள்ளே போய் வாழையிலைப் படுக்கையருகே உட்கார்ந்தார்.

“வந்தாங்களா நைனா?” என்றாள் சாரதா, கண் திறக்காமலே.

“வந்தாங்க.”

“கையெழுத்து?”

அவள் கை முகத்துக்குப் போயிற்று. பிடித்துக்கொண்டார்.

“சொறியாதே,” என்றார்.