கொய்யா பப்ஸுக்கு எவ்வளவு சுருக்கம்

அம்மா மெஷினில் மயங்கி விழுந்தபோது நான் பனியன் கம்பெனியின் கீழ்த்தளத்தில், கட்டிங் பகுதியில், துணி உருளைகளுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். நான் மேலே ஓடிப் போவதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்து, பாதியில் நின்ற தோள்பட்டைத் தையலை முடிக்க மெஷினுக்கு அடியில் மறுபடி காலை நீட்டினாள். லைன் சூப்பர்வைசர் முருகேஷ் அண்ணன்தான் சுவிட்சை அணைத்தார்.

"போதுங்க அக்கா. ஊசி விரல்ல ஏறியிருந்தா என்னங்க பண்றது? இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா உங்கள மெஷின்ல உக்கார வெக்க மாட்டேன். பிசிறு வெட்டப் போயிருங்க."

"பிசிறு வெட்டவா? முருகேசு, நீ இந்தக் கம்பெனிக்கு வாரதுக்கு முன்னாலயே நான் ஓவர்லாக் மெஷின் ஓட்டுதேன்."

"அதனாலதாங்க சொல்றேன். மாசப் பொறப்புல புது ஆர்டர் ஏறுது. யாரு எந்த மெஷின்னு அன்னைக்குத்தான் போர்டுல எழுதுவேன். அதுக்குள்ள ஒடம்பத் தேத்திக்குங்க."

தைத்து முடித்த உடைகளில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் நறுக்குவதுதான் பிசிறு வெட்டுவது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த புதிதில் அம்மாவுக்குக் கொடுத்த வேலை அது. அங்கிருந்து மெஷினுக்குப் போனவள். திரும்ப அந்த மேசைக்குப் போவதைவிட ஊருக்கே போய்விடலாம் என்று அன்று மாலை என்னிடம் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்விக்கே விஷயம் வெளியே வந்துவிட்டது. காலையில் அம்மா எதுவும் சாப்பிடுவதில்லை. டீ நேரத்தில் ஒரு பப்ஸ், அவ்வளவுதான். "அது சாப்பாடில்லம்மா. பருப்பு, தயிர், முட்டை, பழம்னு ஏதாவது காலையிலயே உள்ள போகணும். ரத்தமும் கம்மியா இருக்கு, மாத்திரை எழுதறேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது" என்றார்.

மறுநாள் சுண்டல் கட்டிக் கொடுத்தேன். டப்பா அப்படியே திரும்பி வந்தது.

"ஏம்மா?"

"ஏட்டி, பத்து நிமிசம் பிரேக்கு. பாத்ரூமுக்கு ஒரு வரிசை, கை கழுவ ஒரு வரிசை. கையெல்லாம் பஞ்சும் எண்ணெயும். ஒரு கையில டீ, ஒரு கையில பப்ஸ். பேப்பரோட புடிச்சுக் கடிச்சிட்டுப் போயிருவேன். ஒஞ் சுண்டலை எந்தக் கையால அள்ள?"

"அப்போ பப்ஸே செஞ்சு தர்றேன். டாக்டர் சொன்னதெல்லாம் அதுக்குள்ள இருக்கும்."

"செய்யேன். உள்ள போனா சரி."

சொல்லிவிட்டேனே தவிர, நான் எதையும் சட்டென்று செய்து முடிக்கிற ஆள் இல்லை. பகலில் கம்பெனி, சாயங்காலம் அனுப்பர்பாளையத்தில் துணிப் பரிசோதனை வகுப்பு. வகுப்பில் மற்றவர்கள் ஒரு முறை அளந்து எழுதிவிட்டுப் பஸ் பிடிக்கப் போன பிறகும் நான் ஸ்கேலும் கையுமாக நின்றுகொண்டிருப்பேன். என் அளவு மற்றவர்களின் அளவோடு ஒத்துப்போகாவிட்டால் என்னுடையதுதான் தப்பு என்று அடித்துவிடுவேன். ஆனால் இந்த வேலைக்கு அந்தக் குணம் உதவும் என்று தோன்றியது. மைதாவும் டால்டாவும் இல்லாமல், கையில் ஒட்டாமல், பேப்பரோடு பிடித்துக் கடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும். அளந்து அளந்து செய்தால் வராமலா போகும்?

ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சாரதாமணி அக்கா. கீழ் வீட்டில் அவர்களுக்குக் கேக் சுடுகிற ஒரு மின் அடுப்பு உண்டு. தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது. அதற்குள் அப்பளக் கட்டு வைத்திருந்தார்கள்.

"எடுத்துக்க கண்ணு. சும்மாதான் கெடக்குது. அப்பளத்த மட்டும் எங்கயாச்சும் வெய்யி."

முதல் தவறு தயிரில் நடந்தது. தண்ணீர் வடிந்த கெட்டித் தயிர் மாவுக்கு வேண்டும். எங்கள் வீட்டில் துணி என்றால் பனியன் துணிதான், கைப்பிடித் துணி முதல் தலையணை உறை வரை. கழுவி வைத்திருந்த ஒரு பனியன் துண்டில் தயிரைக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். பின்னலாடைத் துணி கனத்துக்கு இழுத்துக்கொடுக்கும் என்பது என் பிழைப்பே ஆனாலும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் மூட்டை தொட்டியின் அடியைத் தொட்டு உட்கார்ந்திருந்தது. சாரதாமணி அக்கா சிரித்து முடித்து ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொடுத்தார்கள்.

கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு பொட்டுக்கடலை மாவு, கெட்டித் தயிர், ஒரு முட்டை, இரண்டு கரண்டி நெய். சப்பாத்திக்குப் பிசைவதைவிட அழுத்திப் பிசைந்தேன். கொய்யாப் பழத்தை வேகவைத்து, விதை பல்லில் மாட்டாமல் வடிகட்டி, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கரண்டியில் ஒட்டும்வரை கிளறினேன். அதில் வறுத்த எள்ளையும் நிலக்கடலைப் பொடியையும் சேர்த்தேன். அட்டையில் ஒரு நீள்சதுரம் வெட்டி, அதை மாவின் மேல் வைத்து, கட்டிங் மேசையில் செய்வதைப் போலவே சுற்றி வெட்டினேன். கொய்யாவை நடுவில் வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி அடுப்புக்குள் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது ஒவ்வொன்றும் ஓரம் பிரிந்து, கொய்யா வழிந்து, தட்டில் கருகிப் போயிருந்தது.

"இது பப்ஸா கண்ணு, வாயப் பொளந்த மீனா?" என்றார்கள் சாரதாமணி அக்கா. ஆனால் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, "ருசி நல்லாத்தான் இருக்குது. வாயை மட்டும் தெச்சு உடு" என்றார்கள்.

இருந்ததில் சுமாராக மூடியிருந்த ஒன்றை மறுநாள் அம்மாவுக்குக் கொடுத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. கடித்தவுடன் கொய்யா விரலில் இறங்கியிருக்கிறது. அம்மா பேப்பரில் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போயிருக்கிறாள். மதியம் செக்கிங் மேசையிலிருந்து குழந்தைகளுக்கான ஒரு வெள்ளை டீ ஷர்ட் திரும்பி வந்தது. கழுத்துப் பட்டியில் பழுப்பாக ஒரு கறை. அதை நோக்கிச் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தார்கள்.

முருகேஷ் அண்ணன் அதை அம்மாவிடம் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன்.

"சோப்பு போட்டாப் போயிருங்க, அது பிரச்சனை இல்ல. ஆனா போன வாரம் மயக்கம், இந்த வாரம் கறை. மேல கேட்டா நான் என்னங்க சொல்றது?"

அம்மா சட்டையை வாங்கிக்கொண்டு சோப்புத் தேடிப் போனாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னாள். "எனக்கு டீயே போதும். நீ ஒஞ் சோலியப் பாரு."

வேண்டாம் என்று விட்டுவிட்டால் மாசப் பிறப்புக்கு அம்மா மறுபடி வெறும் வயிற்றோடு நிற்பாள். போர்டில் அவள் பெயர் பிசிறு மேசைக்கு எதிரே இருக்கும். வகுப்பு இல்லாத புதன்கிழமை மறுபடியும் சாரதாமணி அக்கா வீட்டுக்குப் போனேன்.

இந்த முறை மாவைப் பரிசோதனைக்கு உட்படுத்தினேன். வகுப்பில் துணியில் சதுரம் வரைந்து, துவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று அளப்போம். அதே மாதிரி தேய்த்த மாவில் ஊசி முனையால் சதுரம் கீறினேன். வெந்தபின் அளந்தேன். உருட்டுக்கட்டையை உருட்டிய திசையில் நீளம் குறைந்திருந்தது. அகலம் கூடியிருந்தது. பின்னல் துணியேதான். அப்படியானால் வழியும் தெரிந்ததுதான் என்று நினைத்தேன். துணி சுருங்கும் என்றால் அந்த அளவைப் பேட்டர்ன் அட்டையில் கூட்டி வெட்டுவோம். சுருக்கம் விடுவது என்பார்கள். அட்டையில் நீளத்தைக் கூட்டினேன்.

ஒன்றே ஒன்று இடித்தது. முதலில் தேய்த்து, மற்றவற்றை முடிக்கும்வரை பலகையில் கிடந்த மாவு மிகக் குறைவாகவே சுருங்கியிருந்தது. கடைசியாகத் தேய்த்து உடனே வெட்டியதுதான் அதிகம் சுருங்கியிருந்தது. ஒரே மாவு, ஒரே அடுப்பு. முதல் அளவை நான் தப்பாக எடுத்திருப்பேன் என்று முடிவு செய்து அடித்துவிட்டேன்.

நீளம் கூட்டி வெட்டியவை இன்னும் மோசமாக வந்தன. ஒன்று சரியாக மூடியிருந்தது, ஒன்று கோணியது, ஒன்று நடுவில் உப்பி வெடித்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போனாள். திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதுத் துணி வந்து இறங்கியது. இறுக்கிச் சுற்றிய உருளைகளைப் பிரித்து, தளர்வாக மடித்து அடுக்கி, பிரித்த நேரத்தை அட்டையில் எழுதித் தொங்கவிடுவது என் வேலை. அட்டையில் அச்சடித்திருப்பது ரிலாக்ஸ் என்று. எங்கள் கட்டிங் பகுதியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. துணி தூங்குது என்போம்.

மதியம் கட்டிங் மாஸ்டர் கன்னையன் அவசரமாக வந்தார்.

"நதியா, அந்த வெள்ளைய மேசையில விரி. மேல தையல் லைன் காலியா இருக்குதுன்னு கத்தறாங்க."

"முடியாதுங்க மாஸ்டர். காலையிலதான் பிரிச்சோம். இன்னும் தூங்கி எழல."

"நீ என்ன, தாலாட்டுப் பாடறியா அதுக்கு?"

"இழுத்து உருட்டின துணிங்க. இப்ப வெட்டினா, வெட்டினப்புறம் தன் அளவுக்குத் திரும்பிப் போயிரும். அப்ப எவ்வளவு சுருக்கம் விட்டாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது."

"இவகிட்டப் பேசி ஜெயிக்க முடியாதுய்யா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் கையில் அட்டையோடு நின்றேன். இழுத்து உருட்டினது. என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். பலகையில் கிடந்த அந்த முதல் மாவு தூங்கி எழுந்த மாவு. அதை நான் சரியாகத்தான் அளந்திருந்தேன். அடித்ததுதான் தப்பு.

அன்று சாயங்காலம் சாரதாமணி அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுப்பைக் கேட்டேன்.

"வா கண்ணு. ஆனா அன்னைக்குக் கிருத்திகை. என்ற அடுப்புல முட்டை மட்டும் ஆகாது."

முட்டை போகும் இடத்துக்கு வேறு ஏதாவது வர வேண்டும். பாலைத் திரித்துப் பன்னீர் எடுத்து, உதிர்த்துக் கொய்யாவோடு கலந்தேன். நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை கிடைத்தது. பன்னீர் ஈரத்தை இழுத்துக்கொண்டதால் பூரணம் உருட்டி வைக்கும்படி நின்றது.

மாவை மெல்லப் பிசைந்து ஈரத் துணி மூடி வைத்தேன். தேய்த்தேன். தேய்த்ததை வெட்டாமல் தட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். அம்மா இதற்குள் வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"என்னட்டி, வெட்டாம வெறும பாத்துக்கிட்டு இருக்க?"

"மாவு தூங்குதும்மா."

"மாவும் தூங்குதா? நம்ம வீட்டுல தூங்காதவ நான் ஒருத்திதான்."

"அப்பிடியாச்சும் ஒன்னு நிம்மதியாத் தூங்கட்டுங்க" என்றார்கள் சாரதாமணி அக்கா.

வெளியே எடுத்தபோது மாவு விரலுக்கு எதிராகத் துள்ளவில்லை, வெட்டிய இடத்தில் வெட்டியபடி கிடந்தது. சுருக்கம் விடாத பழைய அட்டையையே வைத்து வெட்டினேன். மடித்து ஓரத்தை அழுத்தப் போனபோது அம்மா என் கையிலிருந்த முள்கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"இப்படியா மூடுவ? மேல்பக்கம் நீண்டு நிக்கி, கீழ்ப்பக்கம் உள்ள போயிருக்கு. ரெண்டையும் சமமாச் சேத்துப் புடிச்சுல்லா ஓட்டணும்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலாலேயே ஓரத்தைச் சேர்த்து, மடித்து, மடித்ததன் மேல் மறுபடி மடித்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நிற்காமல் போனாள். எனக்கு ஒன்று முடிவதற்குள் அம்மாவுக்கு மூன்று முடிந்தது. அந்த விரல்களைப் பிசிறு மேசையில் உட்கார வைக்க நான் விடப்போவதில்லை என்று அப்போது நினைத்தேன். பயந்து நினைக்கவில்லை. தெளிவாக நினைத்தேன்.

அடுப்பிலிருந்து எடுத்தபோது எல்லாம் வாய் மூடியிருந்தன. ஒன்றின் மேல் அட்டையை வைத்துப் பார்த்தேன். ஓரத்துக்கு ஓரம் உட்கார்ந்தது. ஒரு முறைதான் அளந்தேன்.

அம்மா ஒன்றைப் பிய்த்தாள். கொய்யா வழியவில்லை. மென்றுவிட்டு, "பேக்கரி பப்ஸ் மாதிரி உதிரலையே" என்றாள்.

"உதிராதும்மா. அவ்வளவு நெய் இல்ல."

"உதிரலைன்னா நல்லதுதான். மடியில தூள் விழாது." இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன். கிருத்திகை இல்லாத நாளில் முட்டையும் சேர்ந்தது. கொய்யா கிடைக்காதபோது பப்பாளி போட்டுப் பார்த்தேன், தண்ணீர் விட்டது. மலை வாழைப்பழம் நன்றாக நின்றது. அம்மா டீ நேரத்தில் இரண்டு சாப்பிட்டாள், மாத்திரையையும் தவறவிடவில்லை. மறுபடி மயங்கவில்லை.

மாசப் பிறப்பன்று காலையில் வெட்டி முடித்த துணிக் கட்டுகளை நான் மேலே கொண்டு போனேன். முருகேஷ் அண்ணன் போர்டுக்கு முன்னால் மார்க்கரோடு நின்றார். எல்லாப் பெயரும் எழுதியாயிற்று. முதல் ஓவர்லாக் மெஷினுக்கு எதிரே மட்டும் வெறுமையாக இருந்தது. டீ நேரம் முடிந்து அம்மா உள்ளே வந்தாள்.

"ஆர்டர் முழுக்க வெள்ளைங்க அக்கா."

அம்மா இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். திருப்பிக் காட்டினாள். பிறகு பப்ஸ் சுற்றியிருந்த பேப்பரையும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பிரித்து, துணியைப் பார்ப்பதுபோல விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டுக் கூட இல்லீங்களே."

"நீ எழுதினாலும் எழுதாட்டாலும் நான் அங்கதான் உக்காருவேன் முருகேசு. எழுதிட்டா ஒனக்கு மரியாதை."

அவர் சிரித்துக்கொண்டே செல்லத்தாய் என்று அம்மாவின் பெயரை எழுதினார். அம்மா அதைப் படிக்க நிற்கவில்லை. போய் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள்.

"ஏனுங் நதியா, அந்த பப்ஸு எனக்கொண்ணு கெடைக்குமா?" என்று முருகேஷ் அண்ணன் கேட்டார்.

"நாளைக்குத் தர்றேண்ணா. மாவு இப்பத்தான் தூங்கப் போயிருக்கு" என்றேன்.